பாதாளச் சித்திரங்களும் அரியலூர் எலும்புகளும்

சிறுவர்க்கென வரையப்படும் சித்திரங்களை நம் திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. பிள்ளைகள் முதன்முதல் வியக்கக் கற்பது அவற்றில்தான் என்பதால், ஜப்பானியப் பழஞ்சித்திரங்கள் சிலவற்றை இங்கு ஆராயப் புகுகிறோம்.

ஒசாமு தெசுகா 1948இல் பாதாள நாட்டையும், ஆதிகால விலங்குகள் உலவும் வேற்றுக் கோளையும் சித்திரக்கதைகளாக்கினார். பின்னர் ஷோஜி ஓதோமோ, 1967இல் வெளிவந்த தம் நூலில், ராட்சத விலங்குகளின் உடலைப் பிளந்து, நெருப்புப் பை முதலாக உள்ளுறுப்புகளைப் பெயர் குறித்துக் காட்டச் செய்தார். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று சிறுவனைக் கேட்க வைத்தது அந்நூலின் சிறப்பு. விடையையும் கற்பனையாகவே தந்து, அதற்கு அறிவியலின் ஆடையை உடுத்தியது அதன் குறை.

அரபு இலக்கியத்தில் இத்தகைய சித்திர மரபு பழமையானது. கி.பி. 1283இல் மறைந்த காழி ஸகரிய்யா அல்கஸ்வீனீயின் 'அஜாயிபுல் மக்லூகாத்', அதாவது படைப்பின் விந்தைகள், என்னும் கிதாபிலும் விசித்திர உயிர்கள் பல உண்டு. 1280இல் வாஸித் நகரில் படங்களுடன் எழுதப்பெற்ற அதன் படி இன்றும் மியூனிக் நூலகத்தில் இருக்கிறது. ஆயினும், ஒன்றன் காரணம் அறியாதபோது எழும் திகைப்பே வியப்பு என்று ஆசிரியர் முன்னுரையிலேயே இலக்கணம் வகுத்துவிடுகிறார். ஆகவே வியப்பு அறிவின் வாயிற்படி, அங்கேயே குடியிருந்துவிடலாகாது.

இவ்வளவுகோலுடன் நம் பக்கம் பார்ப்போம். குடவாசலின் நெல்வயல்களிலிருந்து வடமேற்கே காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தால் அரியலூர்ச் சீமை. அதன் கல்லமேட்டில் கிடைத்த, ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமையான எலும்புகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் ஆராய்ந்து, 'பெருத்த உடலுடைய பல்லி' எனப் பொருள்படும் புருகத்காயோசாரஸ் என்னும் பெயரிட்டனர். முதலில் ஊனுண்ணியாக எண்ணப்பட்ட அது, பின்னர்த் தழையுண்ணி எனக் கருதப்பட்டது. கீழ்க்கால் எலும்பே சுமார் 2 மீட்டர் நீளம்! ஆனால் அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்தன. அவை எலும்பல்ல, கல்லான மரமே என்று ஐயுற்றோரும் உண்டு. 2022இல் வெளியான பழைய புகைப்படங்களே அவற்றுக்குச் சான்றாய் நின்றன.

இல்லாத விலங்கின் உள்ளுறுப்புக்கு ஜப்பானில் வண்ணப்படம் இருக்கிறது. நம்மருகே வாழ்ந்த விலங்கின் எலும்புக்கோ சில கோட்டுப்படங்களும் புகைப்படங்களுமே எஞ்சின. படம் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, சாட்சியமும் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைகளின் கையிலிருந்து பாதாளச் சித்திரங்களைப் பறிக்க வேண்டுவதில்லை. கண்டு வரைந்தது எது, கற்பித்து வரைந்தது எது என்று கேட்கப் பழக்குவோம். அரியலூரை அடுத்த வாரணவாசியின் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்வோம்.