திருவையாற்றுப் பந்தலில்

புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிமுன் வித்வான்கள் வரிசையாக அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில் பஞ்சரத்னம் பாடுவார்கள். அங்கே தனிக்குரல் எடுபடாது. எல்லாரும் ஒரே குரலாவதுதான் அழகு.

ஒரு வித்வானின் தரம் பார்க்க வேண்டுமானால் விழாவின் மற்ற நேரங்களில் பந்தலில் உட்கார வேண்டும். ஒருவருக்குப் பாடக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். திறந்த வெளியில் குரலைத் தாங்கிக்கொடுக்கச் சுவர் கிடையாது; சுருதி இம்மி விலகினாலும் தெரிந்துவிடும். ஸ்வரங்களை அவசரமாக அடுக்கிக் கைதட்டல் வாங்குபவர்கள் உண்டு. ஒரே கிருதியை எடுத்து, காலப்பிரமாணம் குலையாமல், சாகித்தியம் சிதையாமல், சங்கதிகளை ஒவ்வொன்றாக வளர்த்து, அனுபல்லவியிலிருந்து பல்லவிக்கு இதமாக இறங்குபவர்கள் மிகச் சிலர்.

சில நிமிடங்களில் மனம் நிறையப் பாடுபவரே என் கணக்கில் பெரிய வித்வான்.