மலைக்கு எட்டு போடத் தெரியுமா?

நம் ஊரில் டூ வீலர் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் அடுத்த முறை வா என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஒரு மலைச்சரிவை எங்கே வெட்டலாம், மண்ணை எங்கே கொட்டலாம், மழைத் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று படம் வரைந்து கொடுப்பவரை யாரும் எட்டு போடச் சொல்வதில்லை. ஜவ்வாது மலைக்குப் போய்வந்ததிலிருந்து இந்த எண்ணம் என்னை விடமாட்டேன் என்கிறது.

போன ஐப்பசியில் அங்கே ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினேன். பெயர் வேண்டாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் சாலையில் சாமைக் கொல்லை, பலா, புளி என்று வழியெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சி. விடுதி கேட்டுக்குள் நுழைந்ததும் ஈ.சி.ஆர். வந்துவிட்டது. கொரியன் புல், வரிசையாக ராயல் பாம், சிமென்ட்டில் காளான் குடை. மகாபலிபுரம் போகும் வழியில் நீங்களும் நானும் நூறு தடவை பார்த்த அதே அலங்காரத்தை லாரியில் ஏற்றி மலையில் இறக்கியிருந்தார்கள்.

ரசனை அவரவர் இஷ்டம், அதை விடுங்கள். புல்வெளிக்காகச் சரிவை வெட்டிச் சமன் செய்து, கீழ்ப்பக்கம் பத்தடிக்குக் கருங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வடிய ஒரு துளைகூட இல்லை. தோட்ட வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மலையாளி. (கேரளாக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன் மலைகளில் தமிழ் பேசி வாழும் பழங்குடிக்கு அதுதான் பெயர்.) அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"இது தண்ணி போற வழி சார். எங்க அப்பா காலத்துலேருந்து இதுலதான் போவும். வழிய மறிச்சா அது செவுத்தையே தூக்கிக்கினு போயிடும்."

"இதை நீங்க சொல்லலையா?"

"என்னை யாரு சார் கேட்டாங்க?"

ராத்திரி இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு பாம் மரத்தடியிலும் வானத்தைப் பார்த்து ஒரு ஃபோகஸ் லைட். இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. வைனு பாப்பு 1960-களில் தேடிப் பிடித்த இடம். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வேண்டியது இருட்டு. அந்த இருட்டைத்தான் இவர்கள் பாம் மரத்துக்குப் பலி கொடுக்கிறார்கள். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி மேலே ஒரு மூடி போட்டால் போதும். பெரிய செலவே இல்லை. படம் போட்டவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் போட்டவர் யார் என்று மேனேஜரிடம் விசாரித்தேன். "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் சார். விசிட்டிங் கார்டுல அப்படித்தான் போட்டிருந்தாரு" என்றார்.

போட்டுக்கொள்ளலாம். சட்டம் தடுக்காது. 1972-ம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 37-வது பிரிவைத் தேடிப் படித்தேன். பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது. உடனே ஒரு விதிவிலக்கு: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கும், கப்பல் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்டுக்கும் இந்தத் தடை பொருந்தாது. செடி, மரம், நிலக்காட்சி சம்பந்தப்பட்ட திறந்தவெளிகளை வடிவமைப்பவர் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. தோட்டம்தானே, செடி வாடினால் வேறு செடி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்களோ என்னவோ. மலையில் தோட்டம் என்றால் முதலில் மண், அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் செடி.

இந்தச் சட்டமே பெயருக்குத்தான் காவல், வேலைக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. லேண்ட்ஸ்கேப்காரர்களுக்கு அந்தப் பெயர்க் காவலும் கிடையாது. படித்தவர்கள் இல்லாமல் இல்லை. டெல்லி எஸ்.பி.ஏ.வில், அகமதாபாத் செப்ட்டில், நம் அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. 2003-ல் தொடங்கிய 'ஐசோலா' என்ற சங்கமும் இருக்கிறது. ஆனால் சங்கத்தில் சேருவது அவரவர் விருப்பம். படித்தவரின் கார்டும் படிக்காதவரின் கார்டும் உங்கள் மேஜை மேல் ஒரே மாதிரிதான் கிடக்கும்.

அமெரிக்காவில் இதற்குத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். முதலில் ஆரம்பித்தது கலிபோர்னியா, 1953-ல். இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. தேர்வில் நான்கு தாள். அதில் ஒரு தாள் முழுக்க மண் சமன் செய்வது, வடிகால், மழைநீர் பற்றி. அதாவது, வயிறு தள்ளிய சுவர் அங்கே ஒரு கேள்வித்தாள். பாஸ் பண்ணினாலும் அதோடு முடிந்துவிடாது. பல மாநிலங்களில் புதிதாக எதையாவது கற்றுக்கொண்டதைக் காட்டினால்தான் லைசென்ஸைப் புதுப்பிப்பார்கள்.

"ஆஹா, இன்னொரு லைசென்ஸா? இன்னொரு ஆபீஸ், இன்னொரு கவுன்ட்டர், இன்னொரு கவரா?" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஓம்ஸ்டெட் எந்தக் கல்லூரியிலும் பட்டம் வாங்கவில்லை. விவசாயம் பார்த்தார், பத்திரிகையில் எழுதினார். இன்றைய தேர்வு 1858-ல் இருந்திருந்தால் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும். நம் பெரியவரையும் நிறுத்தும். மலையை நன்றாகத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் உள்ளவருக்கு மலை தெரியும் என்று உத்தரவாதமும் இல்லை. வெறும் ஃபீஸ் கட்டிப் புதுப்பிக்கிற இன்னொரு அட்டை வந்தால் சுவர் இன்னும் கொஞ்சம் வயிறு தள்ளும், அவ்வளவுதான்.

அதனால் வீட்டு முன்னால் நாலு ரோஜாத் தொட்டி வைப்பவரை விட்டுவிடுங்கள். சரிவை வெட்டுகிறவர், ஓடையைத் திருப்புகிறவர், ஊர் ஜனம் நடமாடும் இடத்தை அமைக்கிறவர், இவர்களுக்கு மட்டும் லைசென்ஸ் கேளுங்கள். சுவர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், அதற்குத்தான். புதுப்பிக்கும்போது ஏ.சி. ஹால் கருத்தரங்கில் டீ குடித்த கணக்கை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், வேலை செய்கிற மண்ணில் ஒரு மழைக்காலம் நடந்து, அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இது புதிய யோசனை இல்லை. இந்த மலையடிவாரச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் 583 அடிகளில், அவனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறார். பன்றிக்கு எங்கே பொறி வைத்திருப்பார்கள், எந்தப் பாறை வழுக்கும், எங்கே எதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வருகிறது. நடந்து பார்த்தவர் சொன்ன பேச்சு அது. விடுதிக்காரர் வாங்கிய வரைபடத்தில் இல்லாமல் போனதும் அதுதான்.

சட்டம் மாறும்போது மாறட்டும். அதுவரை யாராவது லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று கார்டு நீட்டினால் நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? இங்கே ஏற்கெனவே வளர்கிற செடிகளில் பத்துக்குப் பேர் தெரியுமா? இதற்கு முன் போட்ட தோட்டத்தை ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தீர்களா? மூன்றாவது கேள்விக்குத்தான் அநேகமாகப் பேச்சு நிற்கும்.

கார்த்திகை மழையில் அந்தச் சுவர் என்ன ஆயிற்றோ என்று விடுதிக்குப் போன் போட்டேன்.

"விழுந்துடுச்சு சார். நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. திரும்பக் கட்டிட்டிருக்கோம்."

"யார் படம் போட்டது?"

"அதே ஆள்தான் சார்."