காத்திருக்கத் தெரிந்த பிரேக்கர்கள்

மடக்கைத் தாளில் இறங்கும் அந்த நான்கு கோடுகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். கிடையில் கரண்ட், நெடுக்கில் நேரம். அடியில் நொடியின் நூறில் ஒரு பங்கு, உச்சியில் ஆயிரம் நொடி. எவ்வளவு கரண்டுக்கு எத்தனை நேரத்தில் டிரிப் ஆகும் என்று ஒவ்வொரு பிரேக்கருக்கும் ஒரு கோடு. இடது ஓரத்தில் படிக்கட்டு விளக்குகளின் 20 ஆம்பியர் பிரேக்கர். அதையடுத்து 100, பிறகு 400. வலக்கோடியில் ஜெனரேட்டரின் மெயின் பிரேக்கர். மேலிருந்து மெல்லச் சரிந்து, ஓரிடத்தில் மடிந்து, செங்குத்தாக விழுகின்றன. நான்கும் எங்குமே தொட்டுக்கொள்வதில்லை. கோடுகளைவிட, அவற்றுக்கு நடுவே விட்டிருக்கும் அந்த வெண்மையில்தான் என் மனம் தங்குகிறது.

உயர்ந்த கட்டடமொன்றில் ஒரு மாடியின் வயர் ஷார்ட் ஆனால், மேலுள்ள பிரேக்கர்கள் காத்திருக்க, அந்த ஒரு சர்க்யூட் மட்டும் அணைய வேண்டும். மற்ற மாடிகளில் இறங்கி வருவோருக்கு வெளிச்சம் வேண்டும். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, ஒரே ஃபீடரில் ஓடும் பல லிஃப்டுகளுக்கு இந்த ஒழுங்கை 1993இல் கேட்டது. 2005 பதிப்பில் அவசரகால மின்னமைப்பு முழுவதற்கும் விரித்தது.

ஜெனரேட்டர் ஓடும்போது இந்த வேலைப்பாடு இன்னும் நுணுகிப்போகிறது. 480 வோல்ட், 1000 கேவிஏ ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் ஏறத்தாழ 1,200 ஆம்பியர் தரும். அதே அளவில், 5 விழுக்காடு இம்பீடன்ஸ் உள்ள வெளி சப்ளை டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட்டின்போது 24,000 ஆம்பியர் வரை கொட்டிவிடும். ஜெனரேட்டரோ, சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 12 விழுக்காடானால், தொடக்கத்தில் 10,000 வரை பொங்கி, உடனே தணியத் தொடங்கும். தன் வோல்டேஜிலிருந்தே எக்சைட்டேஷன் எடுக்கும் எளிய ஆல்டர்னேட்டரில், வோல்டேஜ் சரிந்ததும் எக்சைட்டேஷனும் சரியும். பெரிய பிரேக்கர்கள் உணர முடியாத அளவுக்குக் கரண்ட் வற்றிப்போகலாம். அதற்காகவே ஷாஃப்டின் நுனியில், நிரந்தரக் காந்தங்கள் பதித்த சின்னஞ்சிறு ஜெனரேட்டர் ஒன்றைச் சேர்த்துச் சுழலவிடுகிறார்கள். எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். வெளியே எது சரிந்தாலும், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆருக்கு ஊட்டுவதை அது நிறுத்தாது. அந்தத் துணையால் பெரியது முழு லோடின் மூன்று மடங்கை, 3,600 ஆம்பியரை, 10 நொடி வரை தாங்கிப் பிடிக்கிறது.

மெயின் பிரேக்கரின் செட்டிங்கில் அந்த 3,600க்கு எவ்வளவு இதமாக இடம் ஒதுக்குகிறார்கள் பாருங்கள். உடனடி டிரிப்பை நிறுத்திவிட்டு, குறுநேர டிரிப்பை 2,400 ஆம்பியரில், 0.3 நொடித் தாமதத்தோடு வைக்கலாம். பழுதை அது முதல் கணத்திலேயே உணர்ந்துவிடும். ஆனாலும் கீழே உள்ளவருக்கு வாய்ப்பு கொடுத்து நிற்கும். அவ்வளவு கரண்டைச் சுமந்தபடி அசையாமல் நிற்க, உறுதியான காண்டாக்டுகள் வேண்டும். இந்த ஏற்பாடு ஜெனரேட்டரின் 3,600க்கும் பொருந்த வேண்டும், வெளி சப்ளையின் 24,000க்கும் பொருந்த வேண்டும். கீழேயுள்ள பேனல்கள் இரண்டுக்கும் பொதுவானவை அல்லவா!

இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு. பழுது மெயினுக்கு அடுத்த பஸ்பாரிலேயே என்றால், அந்த 0.3 நொடியும் ஆர்க் எரிந்துகொண்டிருக்கும். அதற்குக் கண்ட வழிதான் எத்தனை அழகு! பிரேக்கர்களுக்கிடையே மெல்லிய இணைப்பு வயர் ஓடுகிறது. பழுதைக் கண்ட கீழ் பிரேக்கர், "அண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்பதுபோல் மேலே ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்தால் மேலது தாமதத்தைக் கடைப்பிடிக்கும். கீழிருந்து யாரும் சிக்னல் அனுப்பவில்லையென்றால் பழுது தன் எல்லையிலேயே என்று பொருள். வீண்தாமதமின்றி டிரிப் ஆகிவிடும். ஃபியூஸ்களில் இத்தனை பேச்சில்லை. ஒரே நிறுவனத்தின் கரண்ட் லிமிட்டிங் ஃபியூஸ்களானால், பல வகைகளில் மேலது கீழதைப்போல் இரு மடங்கு இருந்தாலே போதும்.

அதே மின்விதித் தொகுப்பின் 2014 பதிப்பில் சேர்ந்த ஒரு வாக்கியமும் எனக்குப் பிடிக்கும். ஒன்றுக்கொன்று இசையும் பிரேக்கர், ஃபியூஸ்களின் தேர்வைத் தகுதியுள்ளவர் செய்து, ஆவணமாக்கி, பின்னால் பராமரிக்கவும் சோதிக்கவும் வருவோர் கையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. பல ஆண்டு கழித்து 400 ஆம்பியர் பிரேக்கரை மாற்ற வருபவர், புதியதன் கோட்டை அந்தத் தாளில் வைத்துப் பார்த்துவிட்டே மாட்டலாம்.