ரோஸின் கால்கள்

கபடியில் பிடிக்கக் கற்றுக்கொள்ள வரும் பையனுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது இதைத்தான்: "கையப் பாக்காத, இடுப்பப் பாரு." பாடி வருகிறவன் கையை இந்தப் பக்கம் நீட்டிவிட்டு அந்தப் பக்கம் பாய்வான். காலைக்கூடப் போவதுபோல் காட்டிப் பின்னுக்கு இழுப்பான். இடுப்பை மட்டும் அவனால் அப்படி ஏமாற்றுக்கு அனுப்ப முடியாது. அது திரும்பிய திசையில் உடம்பு போயே ஆக வேண்டும். கல்வெட்டில் வைரமேகத் தடாகம் என்று பெயர்பெற்ற உத்திரமேரூர் ஏரியின் கரையோர மண்ணில், முட்டி தேய்ந்து நான் கற்ற பாடம் இது. 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வெளியானபோது வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். டான்சிங் ரோஸ் மேடையேறியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பாடத்தையே தலைகீழாக்கி ஆடுகிற ஒருவன் எதிரில் நின்றான்.

பா. இரஞ்சித்தின் அந்தப் படம் 1970களின் வடசென்னையில், சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்ற இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகளுக்கு இடையே நடக்கிறது. ஆர்யா கபிலனாகவும் பசுபதி ரங்கன் வாத்தியாராகவும் வருகிறார்கள். கதை பலருக்கும் தெரியும், அதைச் சொல்லப்போவதில்லை. ஷபீர் கல்லரக்கல் ரோஸாக வரும் அந்த ஒரு மோதலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைகளைத் தொங்கவிட்டபடி, தோளைக் குலுக்கிக்கொண்டு, ஒரு தாவல், ஒரு நெளிவு, அரைச்சுற்றுத் திரும்பல். கபிலனின் குத்துகள் காற்றில் போகின்றன. ரோஸ் இருந்த இடத்தைத்தான் கபிலன் அடிக்கிறான், இருக்கப்போகும் இடத்தை அல்ல.

கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு பதில் சொல்லத் தொடங்கவே ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நன்றாகப் பழகியவனின் நேர்குத்து அதற்குள் முகத்துக்கு வந்துவிடும். ஆகவே முஷ்டி புறப்பட்டதைப் பார்த்து விலகியவர் என்று எவரும் கிடையாது. தோள் இறங்குவது, எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவது, மூச்சு இறுகுவது, இவற்றைப் படித்து முன்கூட்டியே நகர்கிறார்கள். ரோஸின் நடனம் சும்மா அலங்காரம் என்று நினைப்பவர்கள் அதன் பாதி அழகை இழக்கிறார்கள். அது எழுத்தை அழிக்கிற வேலை. படிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவன் பொய் எழுதி வைக்கிறான். இடுப்பைப் பார் என்று சொல்லி வளர்த்த கண்ணுக்கு, இடுப்பாலேயே பொய் சொல்கிறவன் வந்தால் என்ன கதி?

கபிலன் அதற்கு விடை கண்டுபிடிக்கிற இடம்தான் எனக்குப் படத்தின் உச்சம். அந்த நேரத்தில் அவன் புதிய குத்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. பார்க்கிற இடத்தை மாற்றிக்கொள்கிறான். எவ்வளவு துள்ளினாலும் ஒருவன் தரைக்கு வந்துதானே ஆக வேண்டும்? ரோஸின் அடிவைப்பில் ஒரு தாளம் இருக்கிறது, தாளம் இருந்தால் அது வந்து விழும் சமமும் இருக்கும். அதைக் கபிலன் பிடித்ததும் குத்துகள் விழத் தொடங்குகின்றன. விளையாட்டுப் படங்களில் நாயகன் ஜெயிப்பது பெரும்பாலும் நெஞ்சுரத்தால், அல்லது யாரோ கண்ணீர் விட்டதால். இங்கே அவன் கற்றுக்கொண்டதால் ஜெயிக்கிறான், அதுவும் மேடையிலேயே, நம் கண்ணெதிரே.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடல் திறன்களைப் பற்றி எழுதிய பூல்டன் 1957இல் அவற்றை மூடியவை, திறந்தவை என்று பிரித்தார். சூழல் மாறாத இடத்தில் செய்வது மூடிய திறன். எதிராளி, காற்று, பந்து என்று எதுவும் எப்போதும் மாறக்கூடிய இடத்தில் செய்வது திறந்த திறன். குத்துச்சண்டை முழுக்கத் திறந்தது. ஆனால் சினிமாச் சண்டை மூடியது. எந்த அடி எப்போது வரும் என்று இருவருக்கும் தெரியும், தெரியாவிட்டால் மூக்கு உடையும். அன்பறிவ் அமைத்த சண்டையில், தெரிந்த அடியைத் தெரியாத அடியாக ஆடிக் காட்டுவதுதான் ஆர்யாவுக்கும் ஷபீருக்கும் விதிக்கப்பட்ட வேலை. மனப்பாடம் தெரிந்தால் கெட்டது, தெரியாமல் போனால் அடிபட்டது. இந்த இடுக்கில் ஷபீர் ஆடியிருக்கும் ஆட்டத்தில் ஒரு அசைவுகூட ஒப்பித்ததுபோல் இல்லை.

ஒப்பிக்காமல் இருப்பது எப்படி என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல விளக்கம் ஒரு சுத்தியலில் இருக்கிறது. 1920களில் மாஸ்கோவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து அளந்தார். கைதேர்ந்தவனின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வெவ்வேறு பாதையில் போயின. சுத்தியலின் முனை மட்டும் ஏறக்குறைய ஒரே வழியில் வந்து விழுந்தது. தோள் கொஞ்சம் விலகினால் மணிக்கட்டு அதைச் சரிசெய்துவிடுகிறது. பயிற்சி என்பது ஒரே விடையைத் திரும்பச் சொல்வதல்ல, ஒரே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவது என்று அவர் பின்னால் எழுதினார். எங்கள் ஊர்க் கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்கு அடி கொடுப்பவரின் கையைப் பார்த்தால் இது விளங்கும். ரோஸின் கால்களும் அப்படித்தான். போய்ச் சேர வேண்டிய இடம் முடிவானது, போகிற வழி மட்டும் அந்தக் கணத்தில் பிறந்ததுபோல் இருக்கிறது.

படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. கபிலனின் தந்தை குத்துச்சண்டையில் இருந்தவர், பின்னர் ரவுடியாகிக் கொல்லப்பட்டவர். அதனால் தாய் பாக்கியம் மகனை மேடைப் பக்கமே விடுவதில்லை. துறைமுகத்தில் கூலி வேலை பார்க்கும் அவன், சங்கு ஊதியதும் ஓடிப்போய்ச் சண்டை பார்க்கிறான். சிறு வயதிலிருந்தே பார்த்துப் பார்த்தே கற்றவன் என்கிறது படம். பார்வைக்கு அவ்வளவு வலிமை உண்டா? ஓரளவுக்கு உண்டு. ஆனால் 2008இல் இத்தாலியில் சால்வதோரே அக்லியோத்தியின் குழு ஒரு சோதனை செய்தது. கூடைப்பந்தில் தனி எறிதலைக் காணொளியில் காட்டிப் பாதியில் நிறுத்தி, பந்து கூடைக்குள் போகுமா போகாதா என்று கேட்டார்கள். பல வருஷம் ஆட்டம் பார்த்த பயிற்சியாளர்களையும் பத்திரிகையாளர்களையும்விட, ஆடுகிறவர்கள் முன்னதாகவும் சரியாகவும் சொன்னார்கள். பந்து கையை விட்டுப் போகுமுன்பே, எறிபவனின் உடம்பிலிருந்தே படித்தார்கள். எறிந்து பழகிய உடம்புக்குத்தான் இன்னொருவர் எறிவது முழுதாகத் தெரிகிறது. இதனால்தான் கபிலனின் முதல் வெற்றிகளை நான் முழுதாக நம்பவில்லை. ரோஸை அவன் படித்ததை நம்பினேன். அதற்குள் மேடையில் அடி வாங்கியிருந்தான்.

பயிற்சிக் காட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் விளையாட்டுப் படங்களில் பயிற்சி என்றால் ஒரு பாட்டு. ஓட்டம், கயிறு, வியர்வை, பாட்டு முடியும்போது ஆள் தயார். அதில் காட்டப்படுவது முயற்சி. கற்றல் எப்படி நடக்கிறது என்பது வேறு. 1979இல் ஷே, மோர்கன் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கையில் டென்னிஸ் பந்தோடு சிறு மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிச் சாய்க்க வேண்டும். மொத்தம் மூன்று வரிசைகள். ஒரு குழு முதல் வரிசையை முடித்துவிட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று பழகியது. இன்னொரு குழுவுக்கு எது எப்போது வரும் என்று தெரியாமல் கலந்து கொடுத்தார்கள். பழகும்போது முதல் குழுவே வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தால் கலந்து பழகியவர்கள் முந்தினார்கள்.

இதை அறியாமலே ஏரிக்கரையில் செய்து வந்த பெரியவர் ஒருவரிடம் நான் கபடி பழகினேன். கணுக்கால் பிடியை இருபது முறை தொடர்ந்து போட அவர் விட்டதில்லை. ஒருவன் பாடி வருவான், அடுத்து வருகிறவன் வேறு உயரம், வேறு பக்கம். இதில் கணுக்கால், அதில் தொடை, மூன்றாவதில் சங்கிலி கோத்து வளைப்பது. அன்றைக்கு ஒன்றும் ஒழுங்காக வராது, அழுகை வரும். திருவிழாப் போட்டியில் கை தானாகப் போகும். அவர் உடம்பைப் பற்றிப் பேசியதும் குறைவு. காலை இப்படி மடக்கு, முழங்கையை அப்படி வை என்றெல்லாம் சொல்லமாட்டார். "அந்தக் கோட்டத் தாண்டி விழு" என்பார், அவ்வளவுதான். 1998இல் கேப்ரியேலே வுல்ஃபும் கூட்டாளிகளும் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் கண்டது இதையே. தன் பாதத்தை நினைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழிருந்த சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள்.

படத்தின் பின்பாதி சற்று நீளம் என்று நண்பர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. குடித்துப் பருத்துப் போன கபிலனை, மேடையே ஆகாது என்றிருந்த அதே தாய் பயிற்சிக்காகப் பீடி ராயப்பன் என்பவரிடம் கூட்டிப்போகிறாள். கடற்கரை மணலில் அவன் மறுபடி தொடங்குகிறான். மூச்சு போய்விட்டது, உடம்பு கனத்துவிட்டது. கற்றது முழுதாகப் போகவில்லை, அடியில் எங்கோ கிடக்கிறது. முதல்முறை பிடித்த காலத்தை இரண்டாம் முறை உடம்பு கேட்பதில்லை. பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு நான் ஒருநாள் நடுக்கோட்டைத் தாண்டினேன். இடுப்பு தன் வேலையைச் செய்தது, எதிர்மூலையில் நின்றவன் ஏமாந்தான். ஆனால் பாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வர மூச்சு மட்டும் இல்லை.

போன கோடையில் ஏரிக்கரைப் பையன்களுக்கு ரோஸ் மோதலைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். ஐந்தாறு பேர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். ரோஸ் துள்ளும்போதெல்லாம் சிரிப்பு, விசில். முடிந்ததும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிவிட்டார்கள். மூலையில் பிடிக்கிற சின்னப் பையன் மட்டும் போகவில்லை.

"இன்னொரு வாட்டி போடுங்கண்ணா," என்றான். "இந்த வாட்டி அவன் மூஞ்சப் பாக்கமாட்டேன். காலு தரையத் தொடறத மட்டும் பாக்கறேன்."