எட்டு எண்களின் எதிரொலி

பிளேஸ்டேஷனின் 'ஹால்' ரிவர்ப்தான் உசத்தி என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. 512 கேபி ஒலி நினைவகத்தில் ஏறக்குறைய 43 கேபியைத் தனக்கென்று வளைத்துப் போட்டு, 22.05 கிலோஹெர்ட்ஸில் சற்றே மங்கலாக விரியும் அந்தக் கார்வைக்கு ஓர் அழகு உண்டு. ஆனால் அது மண்டபம் கட்டத் தெரிந்தவன் கட்டிய மண்டபம். சூப்பர் நிண்டெண்டோ என்ற வீடியோ கேம் கருவியில் இருந்தது ஒரே ஓர் எதிரொலி. அதை வைத்தே குகையையும் கடலையும் கோட்டையையும் கேட்க வைத்தார்கள். என் ஓட்டு அதற்குத்தான். இத்தனைக்கும் இரண்டு கட்சிக்கும் மூலபுருஷர் ஒருவரே: சூப்பர் நிண்டெண்டோவின் ஒலிச் சில்லை வடிவமைத்த சோனியின் கென் குடராகிதான் பிறகு பிளேஸ்டேஷனையும் பெற்றெடுத்தவர்.

அந்த எதிரொலியிலும் என் உயிர் எட்டு எண்களில் இருக்கிறது. -1, 8, 23, 36, 36, 23, 8, -1. நிண்டெண்டோவின் ஒலி நிரலில் ஆயத்தமாக வந்த வடிகட்டிகளில் ஒன்று. மாலைமாற்று மாதிரி, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். இந்த வடிகட்டி உட்கார்ந்திருக்கும் இடம்தான் விசேஷம். ஒலி வெளியே போகும் வாசலில் அது இல்லை, சுற்றுக்கு உள்ளேயே இருக்கிறது. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் ஒலி அதற்குள் நுழைந்து வந்துதான் மறுபடி நினைவகத்தில் விழ வேண்டும். துவைக்கத் துவைக்கச் சாயம் போவதுபோல ஒவ்வொரு சுற்றிலும் மேல்ஸ்தாயிச் சத்தம் கொஞ்சம் கரைகிறது. வீணையின் ஒரு மீட்டை அதில் ஓட்டிக் கேளுங்கள். முதல் எதிரொலியில் தந்தியில் நகம் படுவது கேட்கும். அடுத்ததில் நகம் போய்விடும், விரல் இருக்கும். அதற்கும் அடுத்ததில் வெறும் ஸ்வரம்தான் மிஞ்சும்.

டேவிட் வைஸின் 'அக்வாட்டிக் ஆம்பியன்ஸ்' பற்றி எழுதாதவர் இல்லை, அதனால் தாண்டிப் போகிறேன். எனக்குக் கோஜி கோண்டோவின் 'சூப்பர் மாரியோ வேர்ல்டு' போதும். 1990இல் வந்தது. அதன் பாதாளக் குகைப் பாட்டில், எழுதிய ஸ்வரங்களுக்குச் சமமாக எதிரொலியும் வாசிக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி காணாமல் போகும்.

எதிரொலிக்கு அன்று விலை இருந்தது, அதுதான் விஷயம். ஒலி நினைவகமே மொத்தம் 64 கேபி. 16 மில்லிசெகண்ட் எதிரொலிக்கு 2 கேபி. அதிகபட்சமான 240 மில்லிசெகண்டுக்கு 30 கேபி. அதே வீணை மீட்டை 32 கிலோஹெர்ட்ஸில் ஒரு விநாடி வைத்துக்கொள்ள, சுருக்கிய பிறகும் சுமார் 18 கேபி. மிச்சமிருக்கும் பதினாறில்தான் தாளம், பேஸ், நிரல் எல்லாம். தூரம் வேண்டுமென்றால் ஒரு வாத்தியத்தை விற்றாக வேண்டும். எட்டுக் குரல்களில் எதற்கு எதிரொலி என்பதற்கும் ஆளுக்கொரு சுவிட்ச்தான். உண்டு அல்லது இல்லை, 'இதற்குக் கொஞ்சம்' என்ற பேச்சே கிடையாது.

இந்த விலையை மறந்தால் என்ன ஆகும் என்பதை எமுலேட்டர்களே காட்டிவிட்டன. சூப்பர் நிண்டெண்டோவை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. நம் வீடுகளுக்கு வந்தவை எட்டு பிட் நகல்கள். கம்ப்யூட்டரில்தான் அதைச் சந்தித்தோம், அதுவும் பலருக்கு இசட்எஸ்நெஸ் என்ற எமுலேட்டர் வழியாக. அதில் எதிரொலிக்கு 64 கேபிக்கு வெளியே தனி இடம். அதை நம்பி ரசிகர்கள் புதுப் பாட்டுகளைச் செய்தார்கள். அசல் சில்லில் ஓட்டியபோது எதிரொலி, வாத்தியங்களின் மேலும் நிரலின் மேலும் தன்னையே எழுதிக்கொண்டு போய்ப் பாட்டையே அழித்தது.

மைசூரில் உட்கார்ந்து இந்த விலையைப் பற்றிச் சொல்ல எனக்கு வயலின் வித்வான் டி. சௌடையா துணை. மைக் இல்லாத காலத்தில் பின்வரிசைக்கு வயலின் எட்டவில்லை என்பதற்காக, நான்கு தந்திகளோடு மூன்றைச் சேர்த்து ஏழாக்கியவர். நாதம் பெருத்தது. ஆனால் ஒரே விரலின் கீழ் இரண்டு தந்திகள் இம்மி பிசகாமல் சேர வேண்டும்; அந்த விலையைத் தினமும் சாதகத்தில் கட்டினார். இன்றைய கச்சேரிகளில் மிக்சர் முன்னால் உட்காரும் தம்பி, ஆலாபனை தொடங்கும் முன்பே ரிவர்ப் குமிழைத் திருகிவிடுகிறார். மிருதங்கத்தின் சாப்பு எங்கே நின்றது, அடுத்த சொல் எங்கே எடுத்தது என்றே புரிவதில்லை. ஐரோப்பியத் தேவாலயத்தின் முழக்கம் ஒரு கிளிக்கில் கிடைக்கிறபோது யாருக்குத்தான் கை நிற்கும்?

'ரெட்ரோ' என்ற பெயரில் வரும் பாட்டுகளிலும் இதே வியாதிதான். பிட்டைக் குறைத்துக் கரகரப்பு ஏற்றினால் பழைய காலம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சில்லின் எதிரொலியில் கரகரப்பு எங்கே இருக்கிறது? அது மென்மையாக அல்லவா தேய்கிறது!

அந்த எதிரொலியைச் செய்ய விரும்புகிறவர்களுக்கு, சில்லைப் போலவே ஒலிக்கும் மென்பொருள்கள் உண்டு: சி700 இருக்கிறது, சிப்சிந்த் எஸ்எஃப்சி இருக்கிறது. இரண்டும் வேண்டாமென்றால் சாதாரண டிலே ஒன்றே போதும். வடிகட்டியை மட்டும் சுற்றுக்குள் போடுங்கள். 240 மில்லிசெகண்டைத் தாண்டாதீர்கள், பதினாறு பதினாறாகவே நகருங்கள். பாட்டு நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் போனால், அடியில் கால் பங்கு 125 மில்லிசெகண்ட். சில்லில் அதற்கு மிக அருகில் இருக்கும் படி 128. பிந்தி வரும் அந்த 3 மில்லிசெகண்டைத் தயவுசெய்து திருத்தாதீர்கள்.