மூடிய கதவும் முதல் இசைத்தட்டும்

கலைஞன் படும் துன்பமே அவனது கலைக்கு ஊற்றாகிறது என்றொரு கருத்து நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வறுமையிற் பிறந்தமையாலேதான் இன்னார் புலவரானார், புறக்கணிக்கப்பட்டமையாலேதான் இன்னார் பாடகரானார் என்று வகுப்பறையிலே கூறுவதும் ஆசிரியராகிய நமக்குப் பழகிப்போயிற்று. இக்கருத்து எத்துணை பொருந்தும் என்று சோதித்தறிவதற்கு உரைகல்லாக ஓர் இசைத்தட்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகியும் பியானோக் கலைஞருமான நீனா சிமோன் 1957 இல் நியூயோர்க்கிற் பதிவுசெய்து, 1959 இல் பெத்லெகேம் நிறுவனம் வெளியிட்ட 'லிட்டில் கேர்ள் புளூ' என்னும் முதற் படைப்பே அது.

1933 இல் வட கரோலைனா மாநிலத்து ட்ரையன் என்னும் சிற்றூரிலே பிறந்த யூனிஸ் வேமனே பின்னாளில் நீனா சிமோன் ஆனார். தாயார் மதபோதகர்; வயிற்றுப்பாட்டுக்காகப் பிறர் வீடுகளில் வேலை செய்தவர். சிறுமியின் திறமையைக் கண்ட ஊரார் பணம் சேர்த்து அவரைப் படிக்க வைத்தனர். பாக் முதலான ஐரோப்பியப் பெருங்கலைஞரின் ஆக்கங்களை அரங்கிலே வாசிக்கும் பியானோக் கலைஞராவதே அவரது இலட்சியமாயிருந்தது. 1951 இல் பிலடெல்பியாவிலுள்ள கேர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவருக்கு இடமளிக்க மறுத்தது. தமது நிறமே அதற்குக் காரணமென அவர் இறுதிவரை நம்பினார். அதற்கு முன்னரே அக்கல்லூரியிற் கறுப்பின மாணவர் பயின்றுள்ளனர் என்பதனைக் காட்டி அதனை மறுப்போரும் உளர். ஆயினும், பியானோக் கச்சேரியொன்றிலே தம் பெற்றோரை முன்வரிசையிலிருந்து எழுப்பிப் பின்னே அனுப்பியதைப் பன்னிரண்டு வயதளவிலேயே கண்ட பெண் வேறெவ்வாறு எண்ணியிருத்தல் கூடும்?

1954 இல் அற்லான்டிக் சிற்றி நகரத்து மதுச்சாலையொன்றிலே பியானோ வாசிக்கச் சென்றார். பாடினாலன்றி வேலையில்லை என்றார் முதலாளி. அதனாலேயே பாடத் தொடங்கினார். இத்தகைய இசையைப் பாவமெனக் கருதிய தாயார் அறியாதிருக்கவே பெயரையும் மாற்றிக்கொண்டார்.

இவ்வரலாற்றை மனங்கொண்டு தட்டைக் கேட்போமாயின் ஒன்று புலனாகும். கல்லூரி ஏற்க மறுத்த அதே கல்வி, மதுச்சாலைப் பாட்டினூடாக வெளிப்படுகிறது. 'லவ் மீ ஓர் லீவ் மீ' என்பது பலரும் பாடிப் பழகிய காதற் பாட்டு. அதன் நடுவே சிமோனின் விரல்கள், பாக்கின் முறையிலே ஒரு குரலை மற்றொரு குரல் துரத்திச் செல்லும் பின்னலை நெய்கின்றன. தலைப்புப் பாட்டிலோ, தனிமையுற்ற பெண்ணின் புலம்பலுக்கு அடியிலே பழைய கிறிஸ்துமஸ் கீதமொன்றின் மெட்டு ஓடுகிறது. விழாக்கால மெட்டும் தனிமையும் ஒன்றையொன்று தழுவாமல் அருகருகே நடக்கின்றன. சோகம் அதனாலேயே மிகைபடாது நிற்கிறது.

இங்கு பியானோ வெறும் பக்கவாத்தியமன்று. எங்கள் படுவான்கரைக் கூத்துக் களரியிலே அண்ணாவியார் மத்தளத்தை அடித்துக்கொண்டே பாடுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். அவரது கை, குரலுக்கு ஏவல் செய்வதில்லை. குரலோடு வாதிடுகிறது, சிலவேளை அதனை முந்துகிறது. சிமோனிடத்தும் கையும் குரலும் அத்தகைய உறவே கொண்டுள்ளன. ஜிம்மி பொண்டின் பாஸ் வாத்தியமும் அல்பேர்ட் ஹீத்தின் முரசும் இவ்வுரையாடலுக்கு இடம்விட்டு அடக்கமாகவே ஒலிக்கின்றன.

குறையில்லையா எனின், உண்டு. குரலின்றி வாசிக்கப்பட்ட உருப்படிகள் மூன்றனுள் 'யூ வில் நெவர் வோக் அலோன்' கைவன்மையைக் காட்டுமளவுக்கு நெஞ்சைத் தொடவில்லை. 11 உருப்படிகளுள் அவரே இயற்றியது ஒன்றுதான். 'இவற்றிற் போராட்டம் எங்கே?' என்று நம்மவர் சிலர் வினவவுங்கூடும். அந்த நேரடிக் குரல் 1963 இன் படுகொலைகளுக்குப் பின்னர், 1964 இல், 'மிசிசிப்பி கொட்டாம்' பாடலிலே எழுந்தது. எனினும் 1957 இன் தட்டிலே கோஷமில்லை என்பதனால் எதிர்ப்பும் இல்லையென்று முடிவுகட்டுதல் வறட்டு விமர்சனமாகும். உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்று கீறப்பட்ட கோட்டை ஒரே பாட்டினுள் அழித்துவிடுதலும் எதிர்ப்பேயாம்.

இனி, தொடக்கத்திற் கூறிய கருத்துக்கு வருவோம். 'கல்லூரி ஏற்றிருந்தால் நீனா சிமோன் கிடைத்திருப்பாரா? அந்தப் புறக்கணிப்புக்கு நன்றி சொல்லவேண்டும்' என்பார் உளர். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். தட்டிலே நம்மை வியக்கவைப்பது மறுக்கப்பட்ட வேதனையன்று. ஊரார் பணத்திலே கற்ற கல்வியும் ஆண்டுக்கணக்கான பயிற்சியுமே. புறக்கணிப்பு அவருக்குக் கொடுத்தது வேறு. இத்தட்டின் உரிமையை அவர் ஏறத்தாழ 3,000 டொலருக்கு விட்டுக்கொடுத்தார். இதிலுள்ள 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' 1959 இலேயே அமெரிக்காவின் முதல் இருபது பாடல்களுள் ஒன்றாயிற்று. 'மை பேபி ஜஸ்ட் கெயர்ஸ் ஃபோர் மீ' 1987 இல் வாசனைத் திரவிய விளம்பரமொன்றின் வழியாகப் பிரித்தானியாவிலே பெருவிற்பனை கண்டது. உழைத்தவர் கையில் உரிமை இருக்கவில்லை. கேர்ட்டிஸ் கல்லூரி 2003 இல் அவருக்குக் கௌரவப் பட்டமளித்தது. இரண்டு நாளில் அவர் பிரான்சிலே காலமானார்.

வெல்லாவெளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பகலிலே வயலில் நின்று, இரவிலே மத்தளத்தைத் தொடுவோர் உளர். பறைமேளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, அதன் பேரிலேயே இழிவும் சுமந்தோர் உளர். அவர்களது பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். 'துன்பம் உன்னைக் கலைஞனாக்கும்' என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்லும் உரிமை நமக்கில்லை. ட்ரையன் ஊரார் செய்ததுபோல, கற்பதற்கு வழிசெய்தலே நம் கடன். அவ்வூரார் செய்யத் தவறியதையும் நாம் செய்தல் வேண்டும்: அப்பிள்ளையின் பெற்றோரை முன்வரிசையிலே அமரச் செய்தல் வேண்டும்.