பணிவு யாருடைய குணம்?

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மேம், ஓபிஎஸ்ஸே தொடர்ந்து முதலமைச்சரா இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?" அவள் முடிப்பதற்குள் வகுப்பே சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எதற்காகச் சிரித்தோம் என்று யோசித்தேன்.

போடிநாயக்கனூர்க்காரர்களான எங்களுக்கு ஓ. பன்னீர்செல்வம் தொலைக்காட்சியில் மட்டும் வருகிற ஆள் அல்ல. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களிலும் எங்கள் தொகுதியில் வென்றவர். மூன்று முறை முதலமைச்சர். 2017 ஆகஸ்ட் முதல் 2021 மே வரை துணை முதலமைச்சர். இவ்வளவு காலம் பொறுப்பில் இருந்தவரைப் பற்றி நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் துணுக்குகள்தாம். ஹெலிகாப்டரைப் பார்த்துக் குனிந்தார். 2014இல் பதவியேற்கும்போது அழுதார். நாற்காலியைத் துடைத்துவைத்துவிட்டு, கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்.

இந்தத் துணுக்குகளை ஒரு பனுவலாக வைத்து வாசித்துப் பாருங்கள். குனிதல், அழுதல், சொல்லுக்குக் காத்திருத்தல், பிறர் பொருளைப் பத்திரமாகப் பாதுகாத்தல். நம் பாட்டிகள் நமக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுக்கப் பட்டியல்தானே இது? தொல்காப்பியத்தின் களவியல் அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கு உரியவையாகச் சொல்கிறது. பெருமையையும் உரனையும் ஆணுக்குத் தருகிறது. அதே நூலின் மெய்ப்பாட்டியலோ, சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக அந்த மடத்தையே வைக்கிறது. பெண்ணிடம் இருந்தால் அணி, ஆணிடம் இருந்தால் நகைப்பு. பன்னீர்செல்வத்தைப் பார்த்து நாடு சிரித்தது அவர் திறமையற்றவர் என்பதால் அல்ல. ஓர் ஆண் பெண்போல நடந்துகொண்டதாக நினைத்ததால். அந்தச் சிரிப்பு நம்மையும் சேர்த்தே அடித்தது.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்த இரண்டு வாரத்தில், 1988 ஜனவரி 7 அன்று, வி.என். ஜானகி முதலமைச்சரானார். 24 நாட்களில் ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் இன்று பொது அறிவு வினாத்தாளில் ஒரு விடையாக மிஞ்சியிருக்கிறார். அவரும் இன்னொருவரின் இடத்தை நிரப்ப வந்தவர்தான். இடம் நிரப்ப வந்த ஆணுக்கு மூன்று வாய்ப்புகள் கிடைத்தன. அடக்கமானவர், நம்பிக்கையானவர் என்ற பெயரும் கிடைத்தது. இன்று இடஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவராகும் பெண்ணை 'சும்மா பேருக்கு' என்று ஊர் சொல்கிறது. பேருக்கு இருப்பதிலும் ஆணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஆனால் கேலி நியாயமற்றது என்று காட்டிவிட்டால் மட்டும் மாணவியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. அவர் நல்ல முதலமைச்சராக இருந்திருப்பாரா?

கைவசம் இருக்கும் சான்று, 2016 டிசம்பர் 6 முதல் சில வாரங்கள். அப்போது உத்தரவிட மேலே ஜெயலலிதா இல்லை. பதவியேற்ற ஆறாம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. அரசு இயந்திரம் நிலைகுலையவில்லை. ஜனவரியில் கிருஷ்ணா நீருக்காக ஆந்திர முதலமைச்சரை நேரில் சென்று சந்தித்தார். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் திரண்டபோது டெல்லி சென்று, திரும்பி, ஜனவரி 21இல் அவசரச் சட்டம் வந்துவிட்டது. செயல்படத் தெரியாதவர் என்ற கேலி இங்கே உடைகிறது.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 23இல், காவல்துறை மெரினாவிலிருந்து கூட்டத்தைக் கலைத்தது. அருகிலிருந்த நடுக்குப்பத்தில் மீன் சந்தை எரிந்தது. காவலர்களே தீ வைத்தார்கள் என்று மீன் விற்கும் பெண்கள் கேமராக்களின் முன் சொன்னார்கள். காவல்துறை அன்று முதலமைச்சரின் பொறுப்பில். சமூகவிரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்று அவர் சட்டமன்றத்தில் விளக்கம் அளித்தார். அந்தக் குரலில் பணிவு இல்லை. எல்லா முதலமைச்சர்களின் குரலும்தான் இருந்தது. பிப்ரவரி 7 அன்று ஜெயலலிதா நினைவிடத்தில் அவர் நாற்பது நிமிடம் அமர்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நடுக்குப்பம் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எங்கள் மலைக்கு வருகிறேன். 2015 ஜனவரியில், பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தபோது, தமிழக முதலமைச்சர் அவரே. அம்பரப்பர் மலையைக் குடைந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம். ஆடு மேய்க்கும், விறகு பொறுக்கும் பெண்களுக்கு அந்த மலை என்ன என்பதை இந்தப் பக்கத்து ஆளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அனுமதிக்க முடியாது என்று மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2022இல், அவர் எதிர்க்கட்சி வரிசைக்குப் போன பிறகு.

2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள், மகளிர் தினத்தையொட்டி வந்தவர்களும் இருந்தார்கள். "பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையில என்ன வேலை" என்று எங்கள் ஊர் டீக்கடைகளில் கேட்டார்கள். குரங்கணி இருப்பது துணை முதலமைச்சரின் சொந்தத் தொகுதியில். காட்டைக் காக்கவும் தீயை அறியவும் அரசிடம் என்ன இருந்தது என்ற கேள்வியைவிடப் பெண்கள் ஏன் போனார்கள் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

என் சித்தி முப்பது வருஷமாக விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்துதான் எடுக்க வேண்டும். வகுப்பில் சிரித்த கதையை அவரிடம் சொன்னேன். சித்தி சிரிக்கவில்லை. "குனிஞ்சே பொழைக்கிறவ நானு. குனியுறது தப்பா தாயி? அவரு குனிஞ்சு நமக்கு என்ன வாங்கித் தந்தாருன்னு கேளு."

மாணவிக்கு என் பதில் இதுதான். திறமையான, பதற்றமில்லாத நிர்வாகியாக இருந்திருப்பார். ஆனால் பெண்ணைப்போல இழிவுபடுத்தப்பட்டவர் என்பதாலேயே பெண்களின் பக்கம் நின்றிருப்பார் என்று எண்ண இடமில்லை. நாம் செய்த கேலி அவரைக் காயப்படுத்தியதைவிடக் காப்பாற்றியதே அதிகம். வளைந்த முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாம், அவர் கையெழுத்திட்ட கோப்பையும் இடாத கோப்பையும் கேட்கவே இல்லை. அடுத்த முறை ஒரு தலைவரைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது சித்தியின் கேள்வியைக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.